எட்டு வீத வாக்குறுதி

2019 நவம்பரில், ஜனாதிபதித் தேர்தலுக்குச் சற்று முன்னர், அன்றைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர ஊடகவியலாளர்களைக் கூட்டி எதிர்த்தரப்பின் வரித் திட்டத்தைப் பற்றிப் பேசினார். கோட்டாபய ராஜபக்ஷ சொன்னபடி வரிகளைக் குறைத்தால் நாடு வங்குரோத்தாகும், இலங்கை இன்னொரு வெனிசுவேலாவாகவோ கிரேக்கமாகவோ ஆகிவிடும் என்றார். நான் கணக்கெழுதிக் கொடுக்கும் புறக்கோட்டைக் கடைகளில் அந்தப் பேச்சுக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது: தோற்கப் போகிறவரின் புலம்பல். இரண்டரை ஆண்டு கழித்து, 2022 ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று இலங்கை அறிவித்தது. சுதந்திரத்துக்குப் பின் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

தேர்தல் காலத்து வரிச் சண்டைகள் பெரும்பாலும் முடிவு தெரியாமலே மறைந்துபோகும். சொன்னவர் தோற்றால் அவருடைய திட்டம் நடைமுறைக்கு வராது. வென்றால் பாதியை விழுங்கிவிடுவார். கோட்டாபய சொன்னதைச் செய்தார், அதுவும் பதவியேற்றுப் பத்து நாட்களுக்குள். ஆகவே இரண்டு தரப்பின் கூற்றையும் அருகருகே வைத்துப் பார்க்க எங்களுக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. அதற்காக நாங்கள் கொடுத்த விலை கொஞ்சமல்ல. கொழும்பில் கடைகளுக்கும் சம்பளக்காரருக்கும் வரிப் பத்திரம் நிரப்பிக் கொடுப்பது என் தொழில் என்பதால், அந்த விலையைச் சிட்டை சிட்டையாகப் பார்த்தவன் நான்.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். இலங்கையில் வருமான வரி 1932-ல்தான் வந்தது. அதைக் கட்டியவர்கள் பெரிய வியாபாரிகள், தோட்டத் துரைமார், மேல் உத்தியோகத்தர் என ஒரு சிறு கூட்டம். மற்றவர்களிடம் அரசாங்கம் துறைமுகத்தில் வைத்தே வாங்கிக்கொண்டது. சீனிக்கும் துணிக்கும் இறக்குமதித் தீர்வை, தேயிலைக்கும் இறப்பருக்கும் ஏற்றுமதித் தீர்வை. கடையில் சாமான் வாங்குகிற சனத்துக்குத் தாங்கள் வரி கட்டுகிறோம் என்பதே தெரியாது. விலை ஏறினால் மட்டும் தெரியும். எனவே தேர்தல் மேடையில் வரி பேசுபொருளாகவில்லை. அரிசி விலைதான் பேசுபொருள்.

1952 மேயில் நடந்த தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி, கூப்பன் அரிசியைக் கொத்து 25 சதத்துக்கே தொடர்ந்து தருவதாகச் சொல்லி வாக்குக் கேட்டது. அப்போதே அந்தக் கணக்கு உதைத்துக்கொண்டிருந்தது. கொரியப் போர்க் காலத்து இறப்பர் விலை இறங்கத் தொடங்கியிருந்தது. உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியிருந்தது. வித்தியாசத்தைத் திறைசேரி சுமந்தது. அடுத்த ஆண்டு யூலையில் நிதி அமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன கொண்டுவந்த வரவு செலவுத் திட்டத்தில் 25 சதம் 70 சதமாயிற்று. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவும் நின்றது. 1953 ஆகஸ்ட் 12-ல் இடதுசாரிகள் ஹர்த்தாலுக்கு அழைத்தார்கள். தெற்கிலும் மேற்கிலும் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலான நியூஃபவுண்ட்லாந்தில் கூடியது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

இந்தச் சம்பவத்திலிருந்து எங்கள் அரசியல்வாதிகள் தவறான பாடத்தையே படித்தார்கள் என்பது என் அபிப்பிராயம். கட்டுப்படியாகாத விலையைத் தேர்தலுக்கு முன் வாக்குறுதியாகக் கொடுக்கக் கூடாது என்று அவர்கள் படித்திருக்கலாம். மாறாக, விலையைக் கூட்டுகிறவன் ஒழிந்தான் என்று படித்தார்கள். டட்லி மறுபடி ஆட்சிக்கு வந்து 1966 டிசம்பரில் கூப்பன் அரிசியை இரண்டு கொத்திலிருந்து ஒரு கொத்தாக்கி, அந்த ஒரு கொத்தை இலவசமாகக் கொடுத்தார். 1970-ல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் கூட்டணி இரண்டாவது கொத்தையும் தருவோம் என்று புறப்பட்டது. சந்திரனில் இருந்தாவது அரிசி கொண்டு வருவோம் என்று அந்த மேடைகளில் முழங்கியதாக இன்றும் பேசுவார்கள். வென்றார்கள். மூன்றாண்டுக்குள் நாடெங்கும் பாணுக்கு வரிசை. (அந்த அரசாங்கத்தின் இறக்குமதித் தடையால் யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்கு அது நல்ல காலம். இணுவிலில் வெங்காயமும் மிளகாயும் செய்த என் தந்தை வீட்டுக்கு ஓடு போட்டது அந்த ஆண்டுகளில்தான். அரசாங்கத்தின் ஒரு முடிவு ஒரே நேரத்தில் ஒரு வீட்டை நிமிர்த்தி இன்னொரு வீட்டைப் பட்டினி போடும் என்பதை நான் முதலில் கண்டது அங்கே.) 1994-ல் சந்திரிகா குமாரதுங்கவின் கூட்டணி ஒரு இறாத்தல் பாணை மூன்றரை ரூபாவுக்குத் தருவோம் என்றது. அரிசி, பாண், பிறகு மாவு. பொருள் மாறினாலும் பேச்சு மாறவில்லை.

வரி என்பது கடைச் சிட்டையில் தனி வரியாக அச்சாகத் தொடங்கியது 1998 ஏப்ரலில், பொருட்கள் சேவைகள் வரி வந்தபோது. 2002 ஆகஸ்டில் அதன் இடத்தில் பெறுமதி சேர் வரி வந்தது. எல்லோர் வாயிலும் அது வற். அன்றிலிருந்து வாங்குகிறவர்களில் பலர் தாங்கள் கட்டும் வரியைத் தாளில் பார்க்கிறார்கள். அந்த வீதம் 2004-ல் 15 ஆகி, 2011-ல் 12-க்கு இறங்கி, 2015-ல் 11 ஆகி, 2016 நவம்பரில் மறுபடி 15-க்கு ஏறியது. இந்த ஏற்ற இறக்கங்களுக்குக் கீழே வேறொன்று மெல்ல நடந்துகொண்டிருந்தது. 1990-களின் தொடக்கத்தில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு 20 அளவில் இருந்த அரச வருமானம் 2014-ல் 12-க்கும் கீழே போயிருந்தது. தெற்காசியாவிலேயே நல்ல பள்ளிக்கூடங்களும் இலவச ஆஸ்பத்திரிகளும் வைத்திருந்த நாடு, அவற்றை நடத்தக் கடன் வாங்கியது. 2007-க்குப் பிறகு டொலர் பிணைமுறிகளாகவும் வாங்கியது.

2015-ல் வந்த நல்லாட்சி அரசாங்கம் சர்வதேச நாணய நிதியத்தோடு ஒப்பந்தம் செய்து வருமானத்தைக் கூட்ட முயன்றது. வற் வரியை ஏற்றியது. 2017-ல் புதிய உள்நாட்டு இறைவரிச் சட்டம் இயற்றியது. எரிபொருளுக்கு விலைச் சூத்திரம் வைத்தது. 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வட்டியைக் கழித்துப் பார்த்தால் அரசின் வரவு செலவைத் தாண்டியது. பல பத்தாண்டுகளாக நடக்காத காரியம். ஆனால் அதைச் செய்தவர்களை யாரும் விரும்பவில்லை. ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் பகை. 2018 ஒக்டோபரில் அரசியலமைப்பு நெருக்கடி. 2019 ஏப்ரல் 21-ல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள். கடைகளில் சாமான் தேங்கியது. வரி கூடியதையும் வியாபாரம் படுத்ததையும் என் வாடிக்கையாளர்கள் ஒரே மூச்சில் சொன்னார்கள். மங்கள சமரவீரவின் கணக்குச் சரியாக இருந்தும் செவியேறாததற்கு இதுவே காரணம்: கோபத்துக்கு உரியவர்களின் வாயிலிருந்து அது வந்தது.

கோட்டாபயவின் விஞ்ஞாபனமான ‘சுபீட்சத்தின் நோக்கு’ சொன்னது இது. 15 வீத வற் வரியையும் 2 வீத தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியையும் சேர்த்து 8 வீத வற் வரியாக ஆக்குவது. சம்பளத்தில் மாதாமாதம் வெட்டும் வரியையும் வட்டியில் வங்கி வெட்டும் நிறுத்திவைத்தல் வரியையும் ஒழிப்பது. கம்பனி வரியைக் குறைப்பது. இடைவெளியை எது நிரப்பும் என்று கேட்டால், வரி குறைந்தால் வியாபாரம் பெருகும், பெருகிய வியாபாரம் குறைந்த வீதத்திலும் கூடிய வரி தரும் என்பது அந்தத் தரப்பின் விடை. உலகத்துக்கு இது புதிதல்ல. 1980-ல் அமெரிக்காவில் றொனால்ட் றேகன் இதையே சொன்னபோது, அதே கட்சியில் அவரோடு போட்டியிட்ட ஜோர்ஜ் புஷ் அதைப் பில்லிசூனியப் பொருளாதாரம் என்று ஏசினார். றேகன் 1981-ல் வரியைக் குறைத்து, பற்றாக்குறை வீங்கியதும் 1982-ல் ஒரு பகுதியைத் திரும்பக் கூட்டினார். டொலரை அச்சிடும் நாட்டுக்கே அப்படி. டொலரில் கடன்பட்ட இலங்கைக்கு எத்தனை பொறுக்கும்?

கோட்டாபயவை எதிர்த்துப் போட்டியிட்ட சஜித் பிரேமதாசவின் தரப்பும் இதில் சுத்தமில்லை. நிதி அமைச்சர் ஒருபுறம் வங்குரோத்து என்று எச்சரிக்க, மறுபுறம் அதே அணியின் மேடைகளில் இலவசப் பசளை முதலான வாக்குறுதிகள். பசளையை இரண்டு அணியும் இலவசமாகத் தருவதாகச் சொல்லின. ஒருவர் வருமானத்தைக் கைவிடுகிறார், மற்றவர் செலவைக் கூட்டுகிறார். இரண்டுக்கும் விலை எழுதிய தாள் எங்கும் இல்லை. வடக்குக் கிழக்கிலோ இந்தப் பேச்சே எடுபடவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் எட்டுக்கு மேற்பட்ட வாக்குகள் சஜித்துக்கு விழுந்தன, வேறு காரணங்களுக்காக. போர் முடிந்து பத்தாண்டான அங்கே, காணாமல் ஆக்கப்பட்டோரைத் தேடும் தாய்மாரின் முன்னால் நின்று வற் வீதத்தைப் பற்றி யார் கதைப்பார்?

நவம்பர் 16-ல் கோட்டாபய 52.25 வீதம் பெற்று வென்றார். 27-ஆம் திகதி அமைச்சரவை வரிக் குறைப்பை ஏற்றது. டிசம்பர் 1-ல் வற் 8 வீதமானது.

அந்த டிசம்பர் முதல் வாரத்தில் நான் பார்த்த ஒரு சிட்டையைச் சொல்கிறேன். பெயின்ற் மொத்தமாக விற்கும் கடை. 10,000 ரூபாச் சரக்குக்கு நவம்பரில் இரண்டு வரியும் சேர்ந்து கிட்டத்தட்ட 11,730 ரூபா போட்டார்கள். டிசம்பரில் 10,800. வித்தியாசம் 930 ரூபா. வாங்க வந்த மேசன் அதை இரண்டு முறை வாசித்துப் பார்த்துச் சந்தோஷமாகப் போனார். அந்த 930 ரூபா உண்மையானது; அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தெருமுனைச் சில்லறைக் கடைகளில் இராக்கையில் ஒட்டிய விலைகள் பல அப்படியே இருந்தன. பழைய வரியில் வாங்கிய சரக்கு இன்னும் முடியவில்லை என்றார்கள். முடிந்த பிறகும் விலைகள் இறங்கியதை நான் அதிகம் காணவில்லை.

என் தொழிலைப் புரட்டிப்போட்ட மாற்றம் வீதம் அல்ல, வாசல். அதுவரை ஆண்டுக்கு 120 இலட்சம் ரூபா விற்பனை தாண்டினால் வற் வரிக்குப் பதிய வேண்டும். 2020 ஜனவரியிலிருந்து அது 30 கோடி ரூபா. என் அலுமாரியில் இருந்த வற் கோப்புகளில் பெரும்பாலானவை ஒரே மாதத்தில் தேவையற்றுப்போயின. நாடு முழுவதும் வற் வரிக்குப் பதிந்திருந்தவர்கள் 28,000-க்கு மேல் இருந்தது 8,000 அளவுக்குச் சுருங்கியது. வருமான வரிக்கு ஆண்டுக்கு 12 இலட்சம் என்றிருந்த சம்பளக்காரர் எல்லை 30 இலட்சமாயிற்று. எங்கள் நாட்டில் வரி செலுத்தும் பழக்கம் ஏற்கனவே மெலிந்தது. கோப்பு மூடிய ஒருவரை மறுபடி கோப்புத் திறக்க வைப்பது எவ்வளவு கடினம் என்பது சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையில் உள்ள இறைவரித் திணைக்களத்து உத்தியோகத்தருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வருமான வரி மாற்றங்களுக்கான சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது 2021 மேயில்தான். அதுவரை திணைக்களத்தின் அறிவித்தல்களை வைத்தே நாங்கள் கணக்கெழுதினோம். அரச வருமானத்தில் மூன்றிலொரு பங்கு வரை கைவிடப்பட்ட ஒரு முடிவு, பாராளுமன்றத்தில் விவாதிக்கப்படாமலே ஒன்றரை ஆண்டு நடைமுறையில் இருந்தது.

வெள்ளவத்தையில் ஒரு ரீச்சர். ஐம்பத்தெட்டு வயது, நேரத்தோடு ஓய்வெடுத்தவர். நாற்பது இலட்சம் ரூபா நிலையான வைப்பின் வட்டியில் சீவியம். முதியோருக்கான சலுகைக்கு வயது வரவில்லை என்பதால் வங்கி வட்டியில் 5 வீதம் வெட்டும். அந்த டிசம்பரில் என்னிடம் வந்தார்.

“அண்ணை, இனி வட்டியிலை அஞ்சு வீதம் வெட்டமாட்டினமாம். உண்மையே?”

“ஓம் ரீச்சர், ஜனவரியிலை இருந்து.”

“அப்ப அரசாங்கம் காசுக்கு எங்கை போகும்?”

இரண்டு மாதத் தேர்தல் பிரசாரத்தில் இந்தக் கேள்வியை இவ்வளவு சுருக்கமாக நான் வேறெங்கும் கேட்கவில்லை. அரசாங்கம் மத்திய வங்கிக்குப் போனது. மத்திய வங்கி பணத்தை அச்சிட்டது. ரீச்சருக்கு ஆண்டுக்கு இருபதாயிரம் ரூபா அளவில் மிச்சமாயிற்று. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைவாசி முந்தைய ஆண்டைவிட 69.8 வீதம் ஏறியிருந்தது. அவருடைய நாற்பது இலட்சம் தாளில் அப்படியே இருந்தது. அதால் வாங்கக்கூடிய அரிசியும் மருந்தும் போய்விட்டன. எரிவாயு வரிசையில் அவர் குடையோடு நின்றதை நான் கண்டேன். இந்த வரிக் குறைப்பை ஒரு கொள்கைத் தவறு என்று நிதானமாகப் பேச எனக்கு இன்னமும் வரவில்லை. அது அவரைப் போன்றவர்களிடமிருந்து எடுக்கப்பட்ட பணம்.

இன்றும் சண்டை முடிந்தபாடில்லை. கோவிட் வந்து உல்லாசப் பயணத்தை நிறுத்தியதால்தான் எல்லாம் கவிழ்ந்தது, வரிக் குறைப்பின் மேல் பழி போடுவது நியாயமில்லை என்பது ஒரு வாதம். அதில் பாதி நியாயம் உண்டு. கோவிட் இல்லாமல் இருந்திருந்தால் விழுந்த வேகம் குறைந்திருக்கும். 2021-ல் இரசாயனப் பசளையைத் திடீரென்று தடை செய்ததும், டொலரை 200 ரூபாவை ஒட்டியே பிடித்து வைத்ததும் வேறு தனிப் பிழைகள். முந்தைய அரசாங்கங்கள் வாங்கிக் குவித்த பிணைமுறிகளும் அங்கே இருந்தன. ஆனால் திகதிகளைப் பாருங்கள். ஃபிட்ச் தரப்படுத்தல் நிறுவனம் இலங்கையின் எதிர்கால நிலையை எதிர்மறை என்று மாற்றியது 2019 டிசம்பர் 18-ல். வூஹானில் அந்தக் காய்ச்சலுக்குப் பெயர்கூட வைக்கப்படவில்லை. 2020 ஏப்ரலில் அதே நிறுவனம் தரத்தையே குறைத்தது. பிறகு வெளிநாட்டுச் சந்தையில் புதுக் கடன் எடுக்க வழியில்லை. வரி வருமானம் 2019-ல் மொத்த உற்பத்தியில் 11.6 வீதமாக இருந்து அடுத்த ஆண்டு 8.1 ஆயிற்று. கோவிட்டைத் தாங்கவேண்டிய நேரத்தில் சட்டைப் பையைத் தாமாகவே கிழித்துக்கொண்டிருந்தார்கள்.

மங்கள சமரவீர தம் கூற்று பலித்ததைப் பார்க்கவில்லை. 2021 ஆகஸ்ட் 24-ல் கோவிட் தொற்றால் இறந்தார். 2022 யூலையில் கோட்டாபய நாட்டைவிட்டு ஓடினார். 2023 நவம்பர் 14-ல் உயர் நீதிமன்றம், பொருளாதாரத்தை இந்த நிலைக்குக் கொண்டுவந்ததில் கோட்டாபய, அவருடைய சகோதரர்களான மகிந்த, பசில் உள்ளிட்டோர் மக்கள் அவர்கள்மேல் வைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. தேர்தல் மேடையில் வெறும் பேச்சாக இருந்த வரிக் கணக்கு, கடைசியில் நீதியரசர்கள் முன்னால் சாட்சியமாகக் கிடந்தது.

திரும்பக் கட்டிய விலை பெரிது. வற் 2022-ல் இரண்டு தடவையாக 15-க்கு ஏறி, 2024 ஜனவரியில் 18 ஆயிற்று. சம்பளத்துக்கான வரியெல்லை மாதம் இரண்டரை இலட்சத்திலிருந்து ஒரு இலட்சத்துக்கு இறங்கியது. உச்ச வீதம் 36. வைத்தியர்கள் விமான நிலையத்துக்குப் போனார்கள். 2024 தேர்தலில் அதே எல்லைதான் மறுபடி மேடையேறியது. அநுர குமார திசாநாயக்கவின் தரப்பு மாதம் இரண்டு இலட்சம் வரை வரியில்லை என்று சொன்னது. வென்று, நாணய நிதியத்தோடு பேசி, 2025 ஏப்ரலில் கொடுத்தது ஒன்றரை இலட்சம். குடியிருக்கும் சொந்த வீட்டுக்கும் வாடகை வருமானம் கற்பித்து வரி போடப் போகிறார்கள் என்று 2024-லேயே இன்னொரு சண்டை நடந்தது. ஒரு வீடு மட்டும் உள்ளவர்களைத் தொடாது என்று அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க மறுத்தார். என் மேசைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அந்தக் கிழமைகளில் வீட்டு உறுதியோடு வந்தார்கள்.

பாராளுமன்றத்துக்கென ஒரு வரவு செலவுத் திட்ட அலுவலகம் அமைக்க 2023-ல் சட்டம் நிறைவேறியிருக்கிறது. ஒவ்வொரு வேட்பாளரின் வரித் திட்டத்துக்கும் அந்த அலுவலகம் விலை எழுதி, வாக்களிப்புக்கு முன் மூன்று மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று நான் கேட்கிறேன். நேரமில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. ‘சுபீட்சத்தின் நோக்கு’ வெளியானது 2019 ஒக்டோபர் 25-ல், வாக்களிப்பு நவம்பர் 16-ல்; நடுவே 22 நாட்கள். 2018-ல் வற் வரியாக வந்தது 46,000 கோடி ரூபா அளவில். 15 வீதத்தை 8 ஆக்கினால், மற்றெல்லாம் அப்படியே இருந்தாலும், மிஞ்சுவது 25,000 கோடிக்குக் கீழே. பெருக்கி வகுக்க ஒரு நிமிடம். 2020-ல் உண்மையில் வந்தது 23,380 கோடி.